மைக் கடிக்காத பாட்டு

செமிலிங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் குணவதிக்கு ‘ஐயோ குணவதி’ என்று பெயர் விழுந்தது போன வருட மாரியம்மன் திருவிழாவில்தான். பாட வந்தவள் மைக்கைப் பிடித்ததும் மின்சாரம் சுருக்கென்று கடித்தது. அவள் போட்ட ‘ஐயோ!’ ஒலிபெருக்கியில் ஏறி தொழிலாளர் குடியிருக்கும் எல்லா லயங்களுக்கும் கேட்டது. ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்ததிலிருந்து சிரிப்பையே மறந்திருந்த சனம் அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தது. சிரித்ததில்கூட அவளுக்குக் கோபமில்லை. பாட்டை யாரும் கேட்கவில்லையே என்பதுதான் ஆறாத குறை. இந்த வருடம் முழுப் பாட்டையும் பாடாமல் இறங்குவதில்லை என்று கங்கணம் கட்டியிருந்தாள்.

பீடோங்கிலிருந்து ஒலிபெருக்கியோடு வந்த ஜக்கரியாவும் இந்தமுறை அவசரப்படவில்லை. முதலில் கரண்டை நிறுத்தினார். சத்தத் திருகை அடியோடு குறைத்த பிறகே மைக் கம்பியைச் செருகினார். பெட்டியின் இரும்பு உடம்பிலிருந்து இன்னொரு கம்பியை இழுத்து, மண்ணில் ஆழமாக அறைந்திருந்த கடப்பாரையில் கட்டினார். கசியும் கரண்டு ஆளைப் பிடிக்காமல் மண்ணுக்குப் போக வேண்டுமே. அதற்குப் பிறகுதான் குணவதியின் கால் அவர் கண்ணில் பட்டது. சாணம் மெழுகி ஈரம் காயாத தரையில் வெறுங்காலோடு நின்றிருந்தாள்.

“பழைய மெஷினு, தங்கச்சி. கம்பிய மட்டும் நம்ப முடியாதுலா. என் சிலிப்பர மாட்டிக்கிட்டுப் பாடு.”

“ஆத்தா சன்னதியில செருப்பா?” என்று பாய்ந்து வந்தார் பூசாரி பரஞ்சோதிப் பண்டாரம். “நடக்காது!”

“அப்ப பாட்டு வேணாம். யாருக்காவது ஒண்ணு ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது.” ஜக்கரியா கம்பியைப் பிடுங்கப் போனார்.

குணவதி சுற்றுமுற்றும் பார்த்தாள். அப்போதுதான் கோயிலுக்கு எதிரே இருந்த ஸ்டோர் கண்ணில் பட்டது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன நாளிலிருந்து வாங்க ஆளில்லாமல் ரப்பர் ஷீட்டுகள் அங்கே மலையாகக் கிடந்தன. ஓடிப்போய் ஒரு ஷீட்டைத் தூக்கிவந்து மைக்கின் முன்னால் விரித்தாள்.

“இது செருப்பில்ல சாமி, தோலுமில்ல. நாங்க வெட்டுற மரத்துலேருந்து வந்தது. பலகையில நிக்கலாம்னா இதுலயும் நிக்கலாம்.”

பண்டாரம் ஷீட்டைக் குனிந்து பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

“அட, ரப்பர்ல கரண்டு ஏறாதுலா! இது எனக்குத் தோணலையே!” ஜக்கரியா தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்; கரண்டைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினார்.

குணவதி ஷீட்டின்மேல் ஏறி நின்று கண்ணை மூடிக்கொண்டு மைக்கைப் பிடித்தாள். ‘ஐயோ’வுக்காகக் கூட்டம் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தது. மைக் கடிக்கவில்லை. மாரியம்மன் தாலாட்டு தொடங்கியது. மரவள்ளிக்கிழங்கு தின்று தின்று சலித்த சனத்துக்கு விருந்து கிடைத்தது போலிருந்தது. கடைசி வரி வரைக்கும் யாரும் அசையவில்லை. முடித்ததும் அவள் மைக்கிலேயே சொன்னாள்: “ஐயோ கேக்க வந்தவங்க எல்லாம் இப்ப வீட்டுக்குப் போகலாம்!”

ஆரவாரம் அடங்கியதும், கூழ் ஊற்றப் போவதை அறிவிக்கப் பண்டாரம் மைக்கை நோக்கி வந்தார். குணவதி குனிந்து ஷீட்டைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

“சாமி, எடுத்துடட்டுமா?”

பண்டாரம் சட்டென்று அதன்மேல் ஏறி நின்றுகொண்டார்.

“இருக்கட்டும் விடும்மா,” என்றார். “ஆத்தா ஒண்ணும் சொல்லமாட்டா.”