காலையில் கிளம்பும் புள்ளிகள்

மழைக்காலம் முடிந்த முதல் திங்கட்கிழமை, நோய்க் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் கணினி வரைபடத்திலிருந்த சிவப்புப் புள்ளிகள் காலை உணவுக்குப் பின் வீடுகளைவிட்டு வெளியே கிளம்பின. ஒரு புள்ளி என்பது ஒரு நோயாளி; குணமானவரின் புள்ளி மறைந்துவிடும். நத்தைகளிலிருந்து தண்ணீரில் இறங்கி, தோலைத் துளைத்து உடம்புக்குள் புகும் புழுவால் பாதிக்கப்பட்டோரை அவரவர் உறங்கும் வீட்டில் குறிப்பதே அவ்வலுவலக வழக்கம். அவ்வீடுகளை ஒட்டிய வாய்க்கால்களில்தான் நத்தைகளைக் கொல்லும் மருந்தும் தெளிக்கப்பட்டது. உறங்குகையில் எவருக்கும் இந்நோய் தொற்றுவதில்லை என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. மேலதிகாரி வரவழைத்த பழுதுபார்ப்பவர் திரையைத் துடைத்துவிட்டு, "மெஷின் நல்லாத்தான் இருக்கு சார். இவங்கதான் வீடு தங்க மாட்டேங்கறாங்க" என்று சொல்லிப் போய்விட்டார்.

வரைபடம் தயாரிப்பவளின் கண் ஒரே புள்ளியின் மேல் இருந்தது. அது அவளுடைய தங்கை; மருந்துண்டு குணமாகும் ஒவ்வொரு முறையும் மீண்டும் புழுவேறியவள். இன்னொரு தடவை வந்தால் ஈரல் தாங்காது என்று மருத்துவர் கூறியிருந்தார். எங்கே தண்ணீரில் இறங்குகிறாய் என்று கேட்டால், "குழாய்த் தண்ணி தவிர வேற தண்ணிய கண்ணால பாத்தது இல்லக்கா" என்று இமைக்காமல் சொல்வாள். அவளுடைய புள்ளியோ அவள் வேலை பார்க்கும் தையற்கடைக்குப் போகும் சாலையில் பாதி தூரம் ஒழுங்காகச் சென்று, சட்டென்று இடப்பக்கம் திரும்பி, மூடிக் கிடந்த செங்கற்சூளையின் பின்புறம் போய் நின்றது. அங்கே வேறு பல புள்ளிகளும் கூடியிருந்தன. செயற்கைக்கோள் படத்தில் அவ்விடம் வெறும் நிழல்.

அக்கா குடையுடன் நேரில் போனாள். மண் வெட்டிய பெருங்குழியில் நீர் நிறைந்திருந்தது. நடுவில் தங்கை மல்லாந்து மிதந்தாள். கரைப் புல்லெங்கும் நத்தைகள் அப்பிக் கிடந்தன.

"ஏறுடி மேல! உயிர் மேல ஆசை இல்லையா உனக்கு?"

"நாளெல்லாம் குனிஞ்சு தைக்கறேன். இங்க மட்டுந்தான்க்கா முதுகு வலிக்கல."

குழியை மூடும்படி உத்தரவு வந்தது. அதற்கு முன்பே அக்கா வரைபடத்தில் அவ்விடத்தைக் குளமென்று எழுதிவிட்டிருந்தாள். குளத்தை மூட அலுவலகத்துக்கு அதிகாரமில்லை. ஆகவே நீரை இறைத்து, நத்தைகளை அகற்றி, கரைக்குக் கல் பதித்து, மறுபடி நிரப்பினார்கள். தங்கை கடைசியாக ஒருமுறை மருந்துண்டாள். அதன்பின் வந்த ஆண்டுகளில் புள்ளிகள் போய் நிற்கும் நீர்நிலைகளிலேயே மருந்து தெளிக்கப்பட்டது. ஒரு தெருவின் நோயாளிகளைப் பற்றி விசாரிக்க முற்பகலில் வருவோரிடம், எல்லாரும் வெளியே போயிருப்பதாக எழுத்தர் பணிவுடன் தெரிவித்தார்.

ஒருநாள் தங்கை ஈரத்தலையோடு தொலைபேசியில் அழைத்தாள்.

"அக்கா, நான் இப்ப எங்க இருக்கேன், பாத்துச் சொல்லு."

அக்கா வரைபடத்தை மூலைமுடுக்கெல்லாம் தேடினாள்.

"எங்கயும் காணலடி."

"நல்லாத் தேடினியா?"

"தேடிட்டேன். நீ இல்லவே இல்ல."

வரைபடத்தில் மற்றவர்கள் இருட்டுவதற்குள் வீடு திரும்பினர்.