கணினி அணைய ஒரு வாக்கியம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதைக்குக் கரு என்று எதுவும் கிடையாது. நெஞ்சில் நெடுநாள் கனன்றதும் இல்லை, பேருந்தில் தொங்கும்போது பளிச்சென்று தோன்றியதும் இல்லை. என் கணினி பாதியில் அணைந்துபோக வேண்டும். நான் எழுதினால்தான் அது அணைகிறது. ஆகவே எழுதுகிறேன்.

இந்த நிமிடம் என் மேசைக்குக் கீழே மச்சான் உட்கார்ந்திருக்கிறான். மனைவியின் தம்பி. கணினிப் பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, டார்ச் அடித்து அதன் வயிற்றுக்குள் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

“நீங்க பாட்டுக்கு எழுதுங்க மாமா. நான் இருக்கறதையே மறந்துடுங்க.”

மறப்பது சிரமம். அவன் தோள் என் முழங்காலில் இடிக்கிறது.

இது அவன் கையால் பாகம் பாகமாகப் பூட்டிய முதல் கணினி. பழுதுபார்க்கும் கடை திறந்த கையோடு எங்களுக்குப் பரிசாகக் கொண்டுவந்து வைத்தான். கடைக்கு வருகிறவர்களிடம், “எங்க மாமா எழுத்தாளர். என் மெஷின்லதான் எழுதறாரு” என்று பெருமையடித்துக்கொள்வானாம்.*

* (வந்தவர்கள் “யாரு?” என்பார்களாம். இவன் என் பெயரைச் சொல்வானாம். அவர்கள் மறுபடியும் “யாரு?” என்பார்களாம்.)

2

போன மாதம் எழுத உட்கார்ந்த வேறொரு கதையின் தொடக்கங்கள் இவை. தானாகச் சேமித்துக்கொள்ளும் வசதி இருப்பதால் வாக்கியத்தின் தலை மட்டும் தப்பித்தது. வால் போய்விட்டது.

தொடக்கம் ஒன்று: மழை நின்று வெகுநேரம் ஆன பிறகும் குடையை மடக்காமல் நடந்துபோன அந்த மனிதருக்காகத் தெருவே மறுபடியும் ஒரு

தொடக்கம் இரண்டு: பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் எல்லோரும் வாயைத் திறக்காமலேயே புன்னகைத்தார்கள், அதில் ஒருவர் மட்டும்

தொடக்கம் மூன்று: சூரியன் மெல்ல உதித்தது.

மூன்றாவது முழுசாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அதற்குக் கணினி அணையவில்லை. கொட்டாவிகூட விடவில்லை.

அந்த ஒருவர் மட்டும் என்ன செய்தார் என்று தயவுசெய்து கேட்காதீர்கள். எனக்கும் மறந்துவிட்டது. நன்றாக இருந்தது என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. நான் எழுதிய நல்லதெல்லாம் போய், மொக்கை மட்டுமே மிஞ்சியிருக்கிறது என்று இதைவிடத் தெளிவாக எந்த எழுத்தாளனாலும் நிரூபிக்க முடியாது.

3

நோய் இதுதான்: திரை பொட்டென்று கருக்கும், விசிறி நிற்கும், மறுகணம் ஒன்றும் நடக்காதது போல் தானாகவே எழுந்து முதலிலிருந்து தொடங்கும்.

முதலில் ரேம் என்றான் மச்சான். மாற்றினான். பிறகு சூடு என்றான். தூசியைத் துடைத்து, புது விசிறி போட்டான். பிறகு பவர் சப்ளை. ஒவ்வொரு தடவையும் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைக்குப் போவான். அங்கே அது இரவும் பகலும் இடைவிடாமல் ஓடும். சரியாகிவிட்டது என்று திரும்பக் கொண்டுவந்து வைப்பான். நான் ஒரு பத்தி எழுதுவேன். பொட்.

மனைவி இதே கணினியில்தான் அலுவலகக் கணக்குகளைப் பார்க்கிறாள். அவளுக்கு ஒரு தடவைகூட அணைந்ததில்லை.

“என்கிட்ட ஒழுங்காத்தானேங்க இருக்கு?”

“அப்போ நான் என்ன, அதைக் கிள்ளிவிடறேனா?”

“யாரு கண்டா?”

போன வாரம் மச்சான் சாப்பாட்டு மேசையில் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “மதர்போர்டாத்தான் இருக்கணும் மாமா.”

“பவர் சப்ளைன்னியே?”

“அதுக்கு முன்னாடி ரேம்னேன். அதையும் சொல்லிக் காட்டுங்க.”

நான் விளையாட்டாகத்தான் கேட்டேன். அவன் விளையாட்டில் இல்லை. அக்கா பக்கம் திரும்பினான்.

“ஒரு பெட்டிக்கு என்ன வியாதின்னு கண்டுபிடிக்கத் தெரியல. நான் எதுக்குக்கா கடைக்குப் போர்டு மாட்டிட்டு உக்காந்திருக்கேன்? மாமனார் சிமெண்ட் கிடங்குக்கு ஆள் வேணுங்கறாரு. கடைய விட்டுட்டு அங்கயே போயிடறேன்.”

நாளைக்குக் காலையில் கடைச் சாவியைக் கட்டட உரிமையாளரிடம் கொடுக்கப் போகிறான்.

4

(இந்த இடத்தில் கதை ஒரு திருப்பத்தைக் கேட்கிறது. அதிர்ஷ்டவசமாக நேற்று மனைவியின் கம்மல் திருகு ஒன்று தொலைந்துபோனது.)

அதைத் தேடி அவள் மேசைக்கடியில் புகுந்திருந்தாள். நான் மேலே அந்தப் பல் மருத்துவர் வாக்கியத்தை ஞாபகப்படுத்தி எழுதிக்கொண்டிருந்தேன். பாதி வந்துவிட்டது. பொட்.

“ஆட்டுங்க” என்றாள் கீழேயிருந்து.

“என்னத்தை?”

“காலைத்தான். இப்ப ஆட்டுனீங்களே, அதே மாதிரி.”

விஷயம் இவ்வளவுதான். எழுதுவது எனக்கே பிடித்துப்போனால் என் வலது கால் ஆட ஆரம்பிக்கும். ஆடி ஆடி இடப்பக்கமாகப் போய், குதிகாலால் மின்கம்பியைக் கொக்கி போட்டு இழுக்கும். பெட்டியின் முதுகில் செருகும் கம்பி முனை தளர்ந்து கிடக்கிறது. ஒரு கணம் தொடர்பு விடும், உடனே ஒட்டிக்கொள்ளும். மச்சான் பெட்டியைத்தான் தூக்கிக்கொண்டு போவான். கம்பி இங்கேயே கிடக்கும். கடையில்தான் அது மாதிரி பத்து இருக்கிறதே! கணக்கு எழுதுகிறபோது மனைவிக்குப் பூரிப்பு வருவதில்லை, ஆகவே கால் ஆடுவதில்லை.

அவள் தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். “தன் எழுத்தைப் பார்த்துத் தானே குஷியாகிற ஆளை நான் இப்பதாங்க பாக்கறேன்.”

“சரி, உன் தம்பிக்கு ஒரு போன் போடு. கம்பிய மாத்துனா முடிஞ்சுது.”

சிரிப்பு நின்றது.

“முடிஞ்சுது. அவனும் முடிஞ்சான். அவ்வளவு பார்ட்டும் மாத்தியும் அவனுக்குத் தெரியாதது, கம்மல் தேடின அக்காவுக்குத் தெரிஞ்சுதுன்னா அப்புறம் அவன் கடைப் பக்கம் திரும்புவானா? அவனே கண்ணால பாக்கட்டும். நாம சொல்ல வேணாம்.”

பிறகு தம்பிக்குப் போன் போட்டாள். “கடையில வச்சுப் பாத்தது போதும்டா. இங்க வந்து பக்கத்துல உக்காரு. உன் கண்ணு முன்னாடி அணையட்டும்.”

5

நீங்கள் கேட்பீர்கள்: காலை வேண்டுமென்றே ஆட்டினால் என்ன?

ஆட்டினேன். பொய்யாக ஆட்டும்போது கால் முன்னும் பின்னும் போகிறதே தவிர இடப்பக்கம் போக மறுக்கிறது. இரண்டு தடவை அவன் விலாவில் பட்டது. “மாமா, கொஞ்சம் காலை ஓரமா வைங்க” என்று என் பாதத்தை இரண்டு கையாலும் தூக்கி, ஒரு பூந்தொட்டியை நகர்த்துவது போல நகர்த்தி வைத்தான்.

கம்பியைக் கையால் பிடித்து இழுத்தால்? எந்தக் கணினிதான் அணையாது? அவனை முட்டாள் என்று நினைத்துவிட்டீர்கள்.

ஆக, வேறு வழியில்லை. எனக்கே பிடித்துப்போகிற மாதிரி ஒரு வாக்கியம் எழுதியாக வேண்டும். இன்றைக்கே. ஒரு மனிதன் காலடியில் காத்திருக்க.

இரவு ஒரு கரிய போர்வையைப் போல... வேண்டாம்.

வாழ்க்கை என்பது... ஐயோ.

அவள் கண்களில் ஆயிரம் கேள்விகள்... இதற்கு என் கால் மரத்தேபோய்விட்டது.

கணினி இன்றைக்குப் பார்த்துக் குதிரை மாதிரி ஓடுகிறது. மனைவி டீயோடு வந்து, தோளுக்குப் பின்னால் நின்று, திரையைப் படித்துவிட்டுக் காதோரம் குனிந்தாள்.

“இதுக்கெல்லாம் அது எப்படிங்க அணையும்?”

“முயற்சி பண்றேன்ல?”

“அப்புறம், கண்ணில் தண்ணீர் வரும்வரை நான் சிரிக்கல. அதை எடுத்துடுங்க.”

[சிரித்தாள்.]

அவளை இந்தக் கதையில் கொஞ்சம் அதட்டலான ஆளாகக் காட்டிவிட்டேனோ என்று சந்தேகமாக இருக்கிறது. தம்பிக்குப் போனில் பேசி முடித்ததும் சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றாள். கழுவுவதற்குப் பாத்திரம் எதுவும் இல்லை. இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

6

முடிவுகள் கைவசம் மூன்று இருக்கின்றன.

அ) அணைகிறது. மச்சான் தலையை மேசையில் இடித்துக்கொண்டு எழுந்து, “மாமா! காலு! உங்க காலு!” என்று கத்துகிறான். என்னைத் திட்டுகிறான். திட்டத் திட்ட அவன் முதுகு நிமிர்கிறது. “அப்படியாடா!” என்று மனைவி வியக்கிறாள். (அவளுக்கு நடிப்பு சுட்டுப்போட்டாலும் வராது. ஆனால் அந்த நேரத்தில் அவன் கவனிக்கமாட்டான்.) சாவி அவன் சட்டைப்பையிலேயே இருக்கிறது.

ஆ) அணையவில்லை. அவன் மூடியைப் பூட்டி, திருகுகளை முடுக்கி, “விடுங்க மாமா” என்கிறான்.

இ) நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மனைவி என்னைத் தொலைத்துவிடுவாள். அதைவிட மோசம், அவன் “நன்றி மாமா” என்பான்.

என் எழுத்தால் இதுவரை யார் வாழ்க்கையும் மாறியதாகத் தகவல் இல்லை. ஒன்றே ஒன்று மாறினால் போதும். அது காலால் மாறினாலும் சரி.

அவன் இதைப் படித்துவிட்டால் என்ன செய்வது என்று கவலைப்படாதீர்கள். நான் எழுதிய எதையும் அவன் படித்ததில்லை. நீங்கள் போய்ச் சொல்லாமல் இருந்தால் சரி.

7

டார்ச் வெளிச்சம் மங்கிவிட்டது. கீழே அசைவில்லை.

“மாமா.”

“சொல்லு மாப்ளே.”

“என்னதான் எழுதறீங்க இவ்வளவு நேரமா?”

“உன்னைப் பத்தித்தான்.”

“என்னைப் பத்தியா? போங்க மாமா. எழுத என்ன இருக்கு?”

கிண்டல் என்று நினைத்திருப்பான். அவன் குரலில் சிரிப்பு இல்லை. டார்ச்சை அணைக்கிற சத்தம் கேட்டது.

எனக்கு அவன் இந்தப் பெட்டியை முதன்முதலில் இயக்கிய நாள் ஞாபகம் வருகிறது. அதை அடுத்து எழுதப் போகிறேன். அந்த வாக்கியம் முற்றுப்புள்ளியோடு முடிந்தால் அவன் சிமெண்ட் கிடங்குக்குப் போய்விட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் நின்றால், நானே வேண்டுமென்று நிறுத்திவிட்டு உங்களை ஏமாற்றுகிறேன் என்று சந்தேகப்படுங்கள். எழுத்தாளர்களை நம்பக் கூடாது. கால்களை நம்பலாம். மேசைக்கடியில் எதுவும் இடறாமல் பார்த்துக்கொண்டு, அதை ஒருமுறை படித்துப் பாருங்கள். உங்கள் கால் என்ன சொல்கிறதோ அதுதான் முடிவு.

பொத்தானை அழுத்திவிட்டு வெடித்துவிடுமோ என்று கண்ணை இறுக மூடிக்கொண்டவன், ஓடுதுடா ஓடுதுடா என்று நாங்கள் எல்லோரும் கத்திய பிறகும் திறக்காமல், தூங்குகிற குழந்தைக்கு மூச்சு வருகிறதா என்று பார்ப்பது போலப் பெட்டிக்குப் பின்னால் மெல்லக் கையை நீட்டி, விசிறியின் காற்று உள்ளங்கையில் பட்டதும்