நடக்கிற மணல்மேடு

உடன்படிக்கை எழுதியவர்கள் அந்தக் கரைப்பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. அதனால்தான் ‘இரு நாட்டு எல்லை பெரிய மணல்மேட்டின் உச்சியில் தொடங்கும்’ என்று தைரியமாக எழுதிவிட்டார்கள். மேடோ நடந்துகொண்டிருந்தது. காற்று இந்தப் பக்கத்து மணலை உச்சிக்கு உருட்டும். உச்சியைத் தாண்டியது அந்தப் பக்கம் சரியும். முதுகு கரைந்து முகம் வளர்ந்தால் அதற்குப் பெயர் நடைதானே?

சர்வேயரின் வேலை எளிது. கரையின் ஒரு முனையில் படம் வரையும் பலகையை முக்காலிமேல் வைத்து, உச்சியிலுள்ள கொடியைக் குறிபார்த்துத் தாளில் ஒரு கோடு. மறுமுனைக்குப் போய் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடம்தான் உச்சி. ஆனால் மணலில் கால் புதையப் புதைய மறுமுனை போய்ச் சேர்வதற்குள் மேடு கொடியோடு நகர்ந்துவிடும். கோடுகள் ஒரு நாள் நடுக்கடலில் வெட்டின. ஒரு நாள் அவருடைய சமையல் கூடாரத்தில்.

அடுத்த நாட்டு சர்வேயர் அவருடைய மைத்துனன். நாடு பிரிந்தபோது வீடும் பிரிந்திருந்தது. அவனுக்கும் அதே கதி.

“அத்தான், எங்க நாட்டுலதான் சோறு வடிக்கிறீங்க. வரி கட்டணும்.”

“போடா. போன வாரம் உன் கோடு திமிங்கிலத்து முதுகுல நின்னுச்சு.”

இருவரும் கையெழுத்திட்ட படம் இல்லாமல் யாரும் திரும்பக் கூடாது என்பது உத்தரவு. இரு நாட்டுக்கும் சேர்த்து வருஷத்துக்கு ஒரே படகு. அது இன்று கரையில் நின்றது. சர்வேயரின் மனைவி மூட்டை கட்டிவிட்டாள்.

“இன்னொரு வருஷம் சோத்துல மணலைப் பிசைஞ்சு தின்ன என்னால ஆகாது. நீங்க வந்தாலும் சரி, அந்த மேட்டைக் கட்டிக்கிட்டு அழுதாலும் சரி.”

“கோடு சேர மாட்டேங்குதே.”

“ரெண்டு பலகை இருக்கு, ரெண்டு ஆம்பளைங்க இருக்கீங்க. ஆளுக்கொரு முனையில நின்னு ஒரே நேரத்துல பாத்தா என்ன?”

“இவன் கண்ணை நம்பி எங்க அரசாங்கம் எல்லை போடுமா?”

“உங்க கண்ணை மட்டும் எங்க அரசாங்கம் நம்பிருமாக்கும்” என்றான் மைத்துனன்.

“அரசாங்கத்துகிட்ட யாரு சொல்லப்போறா?” என்றாள் அவள்.

அவள் மூட்டையோடு உச்சியில் ஏறி நின்று முந்தானையை வீசினாள். இரு முனைகளிலும் பென்சில்கள் ஓடின. இரு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெயிலில் பிடித்தார்கள். கோடுகள் மேட்டின் மேலேயே வெட்டின.

கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தால், உச்சி ஒரு முழம் தள்ளிப்போயிருந்தது.

மைத்துனன் தலையைச் சொறிந்தான். “அத்தான், இப்ப எல்லை எது? மேடா, அக்காவா?”

“நாம குறிபார்த்தது உங்க அக்காவைத்தானே.”

அதற்குள் மேட்டிலிருந்து இறங்கிவிட்ட அவள் முழங்கால் தண்ணீரில் நடந்து படகில் ஏறி உட்கார்ந்தாள்.

“உங்க எல்லை படகுல ஏறியாச்சு. வர்றதுன்னா வாங்க.”

சர்வேயர் பலகையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினார். பின்னாலேயே மைத்துனன், முக்காலியோடு.