பாதிரி என்ற சொல்

அகராதி அலுவலகத்தில் ‘பா’ வரிசை அவள் பொறுப்பு. ‘பாதிரி’ என்ற அட்டையை எடுத்ததுமே கை தயங்கியது. போர்த்துக்கீசியரின் ‘பாத்ரே’யிலிருந்து வந்த சொல், தகப்பன் என்று பொருள். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் இப்போது அது ஏளனமாகக் காதில் விழுகிறது, எடுத்துவிடுங்கள் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார்.

“ஒரு சாமியாரையே கேட்டுட்டு வந்துடும்மா. தெரிஞ்சவங்க யாராவது இருப்பாங்களே?” என்றார் தலைமைப் பதிப்பாசிரியர்.

இருந்தார், அவளைப் பெற்றவர். அம்மா இறந்த மறுவருடமே, எட்டு வயது மகளைச் சித்தி கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுச் சாமியாராகப் படிக்கக் குருமடத்துக்குப் போனவர். விசாரிக்க வேறு நாலு பேர் கிடைத்திருப்பார்கள். கால்கள் என்னவோ அங்கேதான் போயின.

மாதா கோயில் அலுவலகத்தின் நீள பெஞ்சில் ஏழு பேருக்குப் பின்னால் காத்திருந்தாள். உள்ளே போனவர்கள் எல்லாரும் வாய் நிறைய “ஃபாதர், ஃபாதர்” என்றார்கள். அவள் முறை வந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார், பார்த்தபடியே இருந்தார்.

“உக்காரும்மா.”

“ஆபீஸ் வேலையா வந்தேன்.” அட்டையை நீட்டினாள்.

நிதானமாகப் படித்தார். “எங்கள்ல பல பேருக்கு இந்த வார்த்தை பிடிக்காது. ஆனா எடுத்துடாதீங்க. அர்த்தம் நல்ல அர்த்தம்.”

“தகப்பன். யாருக்குன்னு போடட்டும்?”

கண்ணாடியைக் கழற்றி அங்கியில் துடைத்தார். “எல்லாருக்கும்னு நெனச்சுதான் வந்தேன். அந்த எல்லாரும்ல நீயும் இருப்பேன்னு நெனச்சேன். தப்பா நெனச்சுட்டேன்.”

“என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

“உனக்கு எட்டு வயசும்மா.”

“அதனாலதான் கேட்டிருக்கணும்.”

கதவு தட்டப்பட்டது. சவ அடக்கத்துக்கு நேரமாகிவிட்டதாம். அவர் எழுந்தார். மற்றவர்களுக்குச் செய்வதுபோல் அவள் தலைமேல் வைக்கக் கை உயர்ந்தது, பாதியில் இறங்கிவிட்டது.

அலுவலகம் திரும்பி, ‘தகப்பன்’ என்பதை அப்படியே விட்டு, ‘சிலபோது இளக்காரமாகவும்’ என்று சேர்த்தாள். எழுத்து கோணலாக விழுந்தது.

வீட்டில் நடந்ததைச் சொன்னாள். சித்தி கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தாள். அக்கா மகளுக்காகத் தன் கல்யாணப் பேச்சையே மூட்டை கட்டி வைத்தவள்.

“என்னைப் பத்தி ஏதாவது கேட்டாரா?”

அவர் கேட்கவில்லை.

“கேட்டார் சித்தி.”

சித்தியின் விரல்கள் நின்றன. முறத்தை ஒதுக்கிவிட்டு அருகில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

“என்ன கேட்டார்? அவர் சொன்னபடியே சொல்லு.”