சாவிக்கொத்தில் தொங்கிய அட்டை

அன்று அப்பாவின் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: அப்பா, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். அண்ணன், இன்சூரன்ஸ் கம்பெனியில் அதிகாரி. அவன் மனைவி, என் அண்ணி. நான், படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு பார்சல் கிடங்கில் இரவு ஷிப்ட் பார்ப்பவன். வேலை முடிந்து தூங்காமல் நேரே வந்திருந்தேன். மேஜைமேல் அண்ணியின் போன். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அம்மா போனதிலிருந்து அப்பா தனியாக இருக்கிறார். அவரைத் தன் அடுக்குமாடி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டு இந்த வீட்டை வாடகைக்கு விடுவது என்று அண்ணன் முடிவெடுத்திருந்தான். முடிவெடுத்த பிறகுதான் யோசனை கேட்க வந்திருந்தான்.

"நீ என்னடா சொல்ற, ஆந்தை?" என்றான் என்னிடம்.

"அவரக் கேளு."

"இவன்கிட்ட போய்க் கேட்டேன் பாரு."

அப்பா சாவிக்கொத்தை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் விசில் கயிற்றைச் சுற்றிய பழக்கம். "எனக்கு இங்க என்ன குறை? சமைக்கிறேன், சாப்பிடுறேன், நடக்கப் போறேன்."

"சமைக்கிறீங்களா?" அண்ணன் மேஜைமேலிருந்த போனை எடுத்தான். "ரெண்டு மாசமா ஒரு காய் வாங்கல நீங்க. ரொட்டி, பிஸ்கட், முட்டை. அவ்வளவுதான்."

அப்பாவின் விரல் நின்றது. "உனக்கு எப்படித் தெரியும்?"

அண்ணிதான் விளக்கினாள். தெருமுனை சூப்பர் மார்க்கெட்டின் பாயின்ட் அட்டை. குடும்பத்துக்கு ஒன்றாகத் தன் பெயரில் வாங்கி, ஆளுக்கொரு குட்டி அட்டையைச் சாவியில் கோத்துக் கொடுத்தவள் அவள். பாயின்ட் சேர்ந்தால் மிக்ஸி கிடைக்கும். யார் நீட்டினாலும் பில் அவள் போனுக்கு வந்துவிடும்.

"வேவு பாக்கல மாமா. அது தானா வருது."

"காய் வண்டிக்காரன்கிட்ட வாங்குறேன்மா. அவன் அட்டை கேக்குறதில்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணனுக்கு வரவில்லை. திரையைத் தள்ளிக்கொண்டே போனான். அண்ணி அவன் மணிக்கட்டைப் பிடித்து, "போதும், விடுங்க" என்றாள். அவள் முன்பே பார்த்திருக்கிறாள் என்று அந்தப் பிடியிலேயே தெரிந்தது. அவன் கையை உதறிவிட்டு, ஆபீஸ் குரலில் வாசித்தான்.

"பெரியவங்க டயப்பர், மீடியம், ரெண்டு பாக்கெட். போன மாசமும் ரெண்டு."

அதன் கீழே கடை ஒரு விளம்பரம் போட்டிருந்தது. உங்களுக்காகவே, நனையாத படுக்கை விரிப்பு, தள்ளுபடியில். அதையும் வாசித்தான்.

அப்பா சட்டையின் நுனியை மடிமேல் இழுத்து விட்டுக்கொண்டார்.

"எனக்குத்தான்," என்றார். "ராத்திரியில அடங்க மாட்டேங்குது. டாக்டர்கிட்ட காட்டிட்டுதான் இருக்கேன்."

"இதத்தான் நானும் சொல்றேன். நாளைக்கு பாத்ரூம்ல விழுந்து கிடந்தா யாருக்குத் தெரியும்?"

அவன் சொன்னதில் பொய் இல்லை. அதனால்தான் கேட்கச் சகிக்கவில்லை.

"பில் போடுற பொண்ணு அந்தப் பாக்கெட்ட பேப்பர்ல சுத்தி, கறுப்புப் பையில போட்டுக் குடுக்கும்," என்றார் அப்பா. "என் மூஞ்சிய நிமிர்ந்து பாக்காது. அது அவ்வளவு பதவிசா மறைச்சுக் குடுத்தத, இந்த அட்டை உன் வீடு வரைக்கும் கொண்டுவந்து போட்டிருக்கு."

"நாங்க என்ன வேத்தாளாப்பா?"

"முப்பது வருஷம் ஒரே ரூட்ல டிக்கெட் கிழிச்சேன்டா. வேலைக்குன்னு வீட்ல சொல்லிட்டு எவன் எந்த ஸ்டாப்ல எறங்குறான்னு எனக்குத் தெரியும். அவங்க வீட்டு ஆளுங்களும் அதே பஸ்லதான் வருவாங்க. ஒருத்தர்கிட்டயும் மூச்சு விட்டதில்ல."

நகத்தால் சாவி வளையத்தை நெம்பினார். பிரியவில்லை. நான் கையை நீட்டினேன். அவர் தன் கையை விலக்கிக்கொண்டார். நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். கடைசியில் அட்டை கழன்றது. அதை அண்ணியின் முன்னால் வைத்தார்.

"மிக்ஸிக்கு இன்னும் நிறைய பாக்கி இருக்காம்மா?"

"அதெல்லாம் வேணாம் மாமா." அவள் தலையை நிமிர்த்தவில்லை.

"உன்மேல கோவமில்ல." பிறகு அண்ணனிடம் உள்ளங்கையை நீட்டினார். "இந்த வீட்டுச் சாவி ஒண்ணு உன்கிட்ட இருக்கு. குடு."

"நீங்க விழுந்துட்டா கதவ உடைக்க வேண்டியிருக்கும்பா."

"உடைச்சுக்க. அதுவரைக்கும் தட்டிட்டு வா."

அண்ணன் என்னைப் பார்த்தான். கூட்டம் தொடங்கியதிலிருந்து முதல்முறையாக என் ஓட்டு அவனுக்குத் தேவைப்பட்டது. நான் எழுந்து செருப்பைத் தேடினேன். அவன் சாவியைக் கழற்றி அப்பாவின் கையில் வைத்தான்.

அண்ணி முதலில் போனாள், பின்னால் அவன். அட்டை மேஜையிலேயே கிடந்தது. நான் வாசலில் நின்றேன்.

"போய்த் தூங்குடா," என்றார் அப்பா. "கண்ணு கோவப்பழமா இருக்கு."

நான் வெளியே இறங்கியதும் கதவைச் சாத்தினார். உள்ளே சாவி ஒரு சுற்று சுற்றியது. சற்று நின்று, இன்னொரு சுற்று.