மதில் மேல் காபுட்

நியேபி நாளின் உச்சி வெயிலில், வாய் கட்டப்பட்ட நாயின் முன்னால் ரஸ்மினி உட்கார்ந்திருந்தாள். பழைய துண்டால் கட்டியதும் அவள்தான். மௌன விரதமிருந்து பாலித் தீவே மூச்சடக்கிக் கிடக்கும் நாள். அடுப்பில்லை, விளக்கில்லை, தென்பசார் நகரத்துத் தெருவில் ஈ காக்கை இல்லை. இன்று மட்டும் இந்த நாய் குரைத்துவிட்டால் மறுநாளே மலைக்குத் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்று தெருச்சபை கூடிச் சொல்லியிருந்தது.

சபையைச் சொல்லிக் குற்றமில்லை. காபுட் கிந்தாமணி மலை நாய். மூடுபனி நிறத்தில் அடர்ந்த ரோமமும் சுருண்ட வாலுமாய் அம்மா வீட்டு வாசலில் நின்றதைப் பார்த்து, குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள் ரஸ்மினி. நான்கடிச் சந்துக்குள் வந்ததும் அது மோட்டார் சைக்கிள் ஒவ்வொன்றையும் திருடனாகவே பாவித்தது. செடிகளை வேரோடு தோண்டியது. கூரையேறிக் குரைத்தது. பக்கத்து வீட்டுக்காரர் நுவாஸ்தா நிம்மதியாய்த் தூங்கி மாதங்கள் ஆகின்றன. ரஸ்மினியின் கணவன் சுதார்மா பொறுமைசாலி, அவனே ஒருநாள் சொல்லிவிட்டான்: “அழக பாத்துக் கொண்டாந்துட்ட. நம்ம சந்துக்கு இது தோதுப்படுமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சியா?”

யோசிக்கவில்லைதான். மலையில் பிறந்து இந்தச் சந்துக்கு வாழ்க்கைப்பட்டவள் அவள்; ஊர் வாசனையோடு ஓர் உயிர் வீட்டில் இருக்கட்டும் என்ற ஆசை மட்டும் இருந்தது.

இப்போது காபுட்டின் விலா வேகவேகமாக ஏறி இறங்கியது. நாக்கைத் தொங்கவிட்டால்தானே நாய்க்குச் சூடு தணியும்? அவள் கை முடிச்சுக்குப் போனது.

“குரைச்சிரும்,” என்றான் சுதார்மா, காதோரம்.

“குரைக்கட்டும். மூச்சு முட்டிச் சாவுறத பாத்துக்கிட்டு இருக்க முடியாதுங்க.”

அவிழ்த்துவிட்டாள். அது மடமடவென்று தண்ணீர் குடித்தது, தொட்டி வழியாக மதில்மேல் ஏறியது. போச்சு, எல்லாம் போச்சு என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

சத்தமே இல்லை. கண்ணைத் திறந்தால், காபுட் வடக்குப் பார்த்து உட்கார்ந்திருந்தது. காது மட்டும் லேசாக அசைந்தது. சற்று நேரத்தில் சந்தில் காலடி கேட்டது. கட்டம் போட்ட வேட்டியில், யாரும் வெளியே வராமல் பார்த்துக்கொள்ளும் இன்றைய காவல்முறைக்காரர் நுவாஸ்தா! காபுட் அவரைக் குனிந்து பார்த்தது, பிறகு அலட்சியமாகத் திரும்பிக்கொண்டது. மனிதர் திகைத்துப் போனார்.

“என்ன தங்கச்சி, வாயே தொறக்கல? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?” குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்.

“நல்லாத்தாண்ணே இருக்கு.”

அவர் நம்பாத முகத்தோடு நகர்ந்தார். அப்படி என்னதான் பார்க்கிறது என்று ரஸ்மினி வாளியைக் கவிழ்த்து ஏறி நின்றாள். கூரைகளுக்கு அப்பால், புகையும் தூசியும் அடங்கிய வானத்தில், மலை நின்றது. அடியிலிருந்து உச்சிவரை, நீலமாக. இத்தனை வருடம் இந்த வீட்டில் இருந்தும் அவள் பார்த்ததில்லை. உடம்பு சிலிர்த்தது, கும்பிடத் தோன்றியது, கும்பிட்டாள். பக்கத்தில் காபுட்டின் மூச்சு நிதானமாக வந்துகொண்டிருந்தது. இந்த நாய்க்கு அமைதியாக இருக்கத் தெரியும் என்பதே அவளுக்கு இன்றுதான் தெரிந்தது. நட்சத்திரங்கள் ஒரு நகரத்துக்கு ஒவ்வாத அளவு வந்து நிறையும்வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள். சுதார்மாவும் வந்தான், சற்று நின்றான், போய்ப் படுத்தான்.

விடிந்ததும் விரதம் முடிந்தது. காபுட் ஒரு சத்தமும் போடவில்லை. சபைக்கு இனிச் சொல்ல ஒன்றுமில்லை.

“செயிச்சிருச்சே ஒன் நாயி,” என்றான் சுதார்மா, நிஜமான சந்தோஷத்தோடு. “வச்சுக்கலாம். என்ன சொல்ற?”

ரஸ்மினி மறுபடி வாளிமேல் ஏறினாள். காபுட் இன்னும் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் முதுகில் கையை வைத்தாள். சந்தின் கோடியில் யாரோ ஒரு மோட்டார் சைக்கிளை உதைத்தார்கள். இரண்டாம் உதையில் அது உறுமிக் கிளம்பியது. அவள் உள்ளங்கைக்கு அடியில் ரோமம் ஒவ்வொன்றாக எழுந்து நிற்க, அந்த நெஞ்சு மூச்சை இழுத்து நிரப்பிக்கொண்டது.