காய்ந்த கிளையில் காளான்

ஜூன் 12, வியாழன். திங்களன்று ஒரு சிறு பிழை செய்தேன். பூங்கா மர ஆய்வுப் படிவத்தில் ‘இரண்டு கருங்காலியிலும் காளான் உண்டு’ என்று எழுதினேன். எந்த இடத்தில் என்று எழுதவில்லை.

நாட்குறிப்பில் அதற்கு மேல் எழுத அவளுக்குக் கை ஓடவில்லை. பகலில் பூங்கா அலுவலகத்தில் தினக்கூலி எழுத்தர். மாலையில் தாவரவியல் வகுப்பு. கருங்காலியையும் மரக்காளானையும் ஒப்பிட்டு எழுதுவதுதான் இந்த வார வீட்டுப்பாடம். மரங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தவளுக்குக் காளான் பட்டுப்போன கிளைகளில் மட்டும்தான் என்பது நன்றாகத் தெரியும். அந்த அரைகுறை வரி அதிகாரிக்குப் போதுமாக இருந்தது. ‘உளுத்த மரங்கள், வெட்டலாம்’ என்று கையெழுத்துப் போட்டார். கருங்காலிக்கு அவரிடம் நல்ல விலை பேசியிருந்த மரக்கடைக்காரரின் லாரி இன்று காலையே வந்துவிட்டது.

மரம் அறுக்கும் வேலை பார்க்கும் அவள் அக்காவின் கணவர், இரவு வீட்டுக்கு வந்து, அன்று அறுத்த கருங்காலித் துண்டு ஒன்றை மேசையில் வைத்தார்.

“பாரு, ஒரு பொட்டு சொத்தை இல்ல. ரம்பத்துப் பல்லுதான் போச்சு. உளுத்த மரம்னு எந்தப் புண்ணியவான் எழுதினான்?”

“நான்தான் மாமா.”

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. “படிக்கிற பொண்ணாச்சே நீ!”

“திருத்தணும்னு அதிகாரிகிட்ட மதியமே கேட்டேன். ‘வேலை வேணுமா, மரம் வேணுமா’ன்னாரு. பயந்து வந்துட்டேன்.”

“ஆண் மரம் போச்சு. நாளைக்குப் பத்து மணிக்குப் பெண் மரம். நான் மாட்டேன்னா வேற ஆளு வருவான்மா.”

கருங்காலியில் ஆணும் பெண்ணும் தனித்தனி மரம்; பூங்காவில் இருந்தது இந்த ஒரு ஜோடிதான். பெண் மரம் நிறையக் காய். பழுக்க இன்னும் இரண்டு மாதம் வேண்டும். துணை போனபின் அது இனிக் காய்க்கப் போவதில்லை. விதை என்று இருந்தால் இதுதான் கடைசி. காளானுக்கு என்ன, எந்தக் கட்டை கிடைத்தாலும் பிழைத்துக்கொள்ளும்.

ஒப்பீட்டு நோட்டில் மூன்று முறை அடித்துவிட்டு எழுதினாள்: ‘இந்தக் காளான் செத்த கிளையைத் தின்று மண்ணுக்குத் தருகிறது. உயிருள்ள மரத்தைத் தின்றது அதிகாரியின் பேராசையும் என் பயமும். பொய்க் கையெழுத்தைப் பார்த்தும் வாய் மூடி இருப்பவர் கையிலும் ரம்பம் இருக்கிறது.’

“மாமா, இந்தத் துண்டு எனக்கு வேணும்.”

“எடுத்துக்கோ. யார் அறுத்ததுன்னு கேட்டா என் பேரைச் சொல்லு.”

நாட்குறிப்பை மறுபடி திறந்தாள்.

நாளை: எட்டரைக்குத் தலைமை அலுவலகம். திருத்திய படிவம், மரத்துண்டு. பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோடு ரசீது வாங்க வேண்டும். வெட்டுவதைத் தடுக்க, பத்து மணிக்குள் அந்த ரசீதோடு பெண் மரத்தடியில் நிற்க வேண்டும்.